எண்பத்தெட்டாம் பக்கத்து அப்பா நான் இல்லை

ஸ்த்ரான்வோக்,
ஏப்ரல் 29.

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் திருமதி பெனெடிக்டே லோனெ அவர்களின் சமூகத்திற்கு,

ஓய்வுபெற்ற ஃபெர்ரி கேப்டன் ஒட்வார் நேஸ்ஹெய்ம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், இடது முழங்கால் நீங்கலாக என் உடம்பின் மற்ற பாகங்களும் சௌக்கியம். ஒஸ்லோவில் தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், என் மகளின் புத்தகத்துக்கு அட்டைப்படம் வரைந்த அந்தப் புண்ணியவானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அட்டையில் இருப்பது என் படகுக் கொட்டகை. ஓட்டை விழுந்த மூன்றாவது ஓடு வரைக்கும் தத்ரூபம். அதற்காக அவரைப் பாராட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் நேரில் சந்தித்ததில்லை. ஆனாலும் தங்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். என் மகள் இங்குன் எழுதி, தாங்கள் பிப்ரவரியில் வெளியிட்ட துப்பறியும் நாவலில் வில்டே என்றொரு போலீஸ் அதிகாரி வருகிறாள் அல்லவா, அவளுடைய அப்பா ஃபெர்ரி ஓட்டுகிறார். பச்சைக் கம்பளித் தொப்பி போடுகிறார். காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சுகிறார். கோபம் வந்தால் திட்டுவதில்லை, தேவாலயப் பாட்டு ஒன்றை மூக்கால் முனகுகிறார். இதெல்லாம் நான்தான், மறுக்கவில்லை. அதே மனிதர் எண்பத்தெட்டாம் பக்கத்தில், எட்டு வயது மகள் படகைச் சரியாகக் கட்டாமல் விட்டு அது தண்ணீரோடு போய்விட்டது என்பதற்காக, அவளைப் படகுக் கொட்டகைக்குள் தள்ளி, வெளியே கொண்டி மாட்டிவிட்டு, முனகிக்கொண்டே வேலைக்குப் போகிறார். அது நான் இல்லை. தொப்பி முதல் முனகல் வரை நான், கொண்டி மட்டும் நான் இல்லை. இந்தப் பாகப்பிரிவினையை ஒரு ஊருக்கே எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான் என் பிரச்சினை. எனவே புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் முதல் பக்கத்திலேயே ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டி, 'எண்பத்தெட்டாம் பக்கத்தில் வரும் தந்தை, நூலாசிரியரின் தந்தை அல்ல' என்று தெளிவாக அச்சிட வேண்டும். மே பன்னிரண்டுக்குள் அது இந்த ஊருக்கு வந்து சேர வேண்டும். தேதிக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதைக் கீழே விவரிக்கிறேன்.

ஈஸ்டர் விடுமுறையில் எங்கள் ஊர் காலியாகிவிடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல, தங்கள் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. முதுகில் ஆரஞ்சுப் பழம், சாக்லேட், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கான மெழுகு, ஒரு கொலைக் கதை என்று கட்டிக்கொண்டு எல்லாரும் மலைக் குடிலுக்குப் போய்விடுவார்கள். இந்த வருடம் எல்லார் மூட்டையிலும் ஒரே புத்தகம். உள்ளூர்ப் பெண் எழுதியது, விடுவார்களா? ஒவ்வொரு குடிலின் சுவரோரமும் வெயில் காய்ந்துகொண்டு, மலை முழுக்க ஜனங்கள் ஒரே நேரத்தில் எண்பத்தெட்டாம் பக்கத்தைப் படித்திருக்கிறார்கள். நான் இந்த முழங்காலோடு மலைக்குப் போகவில்லை, ஊரிலேயே இருந்து நாலு நாளும் பூனைக்கு மீன் வேகவைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை எல்லாரும் மூக்கு கறுத்து இறங்கி வந்தார்கள். எழுபத்து நாலு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒரே நாளில் இத்தனை பேர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதில்லை.

திட்டியிருந்தால் தேவலை. எங்கள் ஊர்க்காரர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தங்களுக்கே தெரியும். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரி தோருன், என் மகளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், சில்லறை கொடுக்கும்போது என் கையைப் பார்த்தாள். கொண்டி மாட்டிய கை எது என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நானும் என்னையறியாமல் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். அதைவிட மோசமாக ஒரு மனிதன் தன் நிரபராதித்தனத்தைக் கெடுத்துக்கொள்ள முடியாது. தோருன் மே பதினேழு தேசிய தின விழாக் குழுவின் தலைவியும்கூட. ஊர்வலம் முடிந்ததும் படகுத்துறையில் குழந்தைகளுக்கு ஐஸ்க்ரீம் கொடுக்கும் பொறுப்பு பதினோரு வருடமாக என்னுடையது. நல்ல கோட்டுப் போட்டு, கேப்டன் தொப்பி வைத்து, ஒவ்வொரு குழந்தையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். வருடத்தில் எனக்கு அதுதான் பெரிய நாள். தோருன், இந்த வருடம் எனக்குச் சிரமம் வேண்டாமென்று குழு நினைப்பதாகவும், முழங்காலை உத்தேசித்துத்தான் என்றும் சொன்னாள். பதினோரு வருடமும் இதே முழங்கால்தான், அதை யாரும் உத்தேசித்ததில்லை. முடிவு மே பன்னிரண்டாம் தேதிக் கூட்டத்தில் எடுப்பார்களாம்.

என் தரப்பை நிரூபிக்க வேண்டுமென்று தீர்மானித்தேன். அதில்தான் எல்லாம் குட்டிச்சுவராகப் போயிற்று. முதலில் குடும்ப ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காப்பி குடிக்கிற மேசைமேல் விரித்தேன். சின்ன வயது இங்குனின் படங்கள் பதினாலு. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அப்புறம்தான் கவனித்தேன், மூன்று படத்தில் அழுகிறாள். ஒன்று அவளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று எடுத்தது, இன்னொன்றில் கையில் குளவி. மூன்றாவதில் படகுக் கொட்டகை வாசலில் விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கு ஏன் அழுதாள் என்று எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்று நான் சொன்னதும் நாலைந்து பேரும் ஒரே சமயத்தில் காப்பியை ஊதத் தொடங்கினார்கள்.

அடுத்து சாட்சிக்கு ஆளைத் தேடினேன். பக்கத்து வீட்டு ஆர்ன்ஃபினைவிட நல்ல சாட்சி உண்டா? ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், ஒன்றாக ஃபெர்ரியில் வேலை பார்த்தோம், ஒரே வருடத்தில் கல்யாணம் கட்டினோம். அவனைக் கடைக்குக் கூட்டிப்போய், "சொல்லுப்பா, நான் அந்தக் கொட்டகையில யாரையாவது வெச்சுப் பூட்டியிருக்கேனா?" என்று கேட்டேன். ஆர்ன்ஃபின் பொய் சொல்லத் தெரியாதவன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூட்டினது நான்தானே, நீ உள்ளல்லவா இருந்தே. கத்தினா வெளிய கேக்குதான்னு பாக்கணும்னு நீதானே சொன்னே" என்றான். கடையில் மீன் வெட்டுகிற இயந்திரம்கூட நின்றுவிட்டது.

அவன் சொன்னது உண்மைதான், ஆனால் உண்மையைப் பாதியில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். நடந்ததை முழுசாக எழுதுகிறேன். என் மனைவி காலமானபிறகு இங்குனிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், என் பிறந்தநாளுக்கு ஒரு போன் என்று குறைந்துபோயிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவே பேச்சை இழுத்துப் பிடித்திருந்தவள் அவள்தான், அவள் இல்லாமல் எங்களுக்கு வானிலையைத் தாண்டி ஒன்றும் வராது. இரண்டு வருடத்துக்கு முன்பு திடீரென்று ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு போன் வரத் தொடங்கியது. கொட்டகைக் கதவுக்குக் கொண்டி வெளியிலா, உள்ளேயா? ஏப்ரல் மாதத்திலும் படகுக்குப் பூசும் கீல் வாசனை வருமா? தரை மண்ணா, பலகையா? அலை ஏறும்போது தண்ணீர் எந்த இடம் வரை வரும்? நான் ஒவ்வொன்றுக்கும் அளந்து பார்த்துப் பதில் சொன்னேன். மகள் என்னிடம் கேட்கிறாள் என்ற சந்தோஷத்தில் சனிக்கிழமையே காகிதத்தில் குறிப்பெடுத்து வைத்துக்கொள்வேன். ஒரு ஞாயிறு, உள்ளேயிருந்து ஒரு குழந்தை கத்தினால் வெளியே கேட்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சோதனை செய்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்காகத்தான் ஆர்ன்ஃபினைக் கூப்பிட்டேன். நான் உள்ளே போய்க் கத்த வேண்டியது, அவன் கொண்டியை மாட்டிவிட்டு நடந்து நடந்து எதுவரை கேட்கிறதென்று பார்க்க வேண்டியது. ஐந்து நிமிட வேலை. அவன் வாசலில் நின்றான், ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகைச் சுவர் அவ்வளவு கனம்போல என்று நினைத்துக்கொண்டு, கேட்காத தூரத்தை அளப்பதற்காகத் தன் வீடு வரைக்கும் போயிருக்கிறான். அங்கே அவன் மனைவி சூடாக வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸ் சீவி வைத்திருந்தாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் என் ஞாபகம் வந்திருக்கிறது. திறந்தபோது நான் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்திருந்தேன். ஏன் கத்தவில்லை என்று கேட்டான். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். அந்த ஞாயிறு இங்குனிடம் சோதனை தோல்வி என்று தெரிவித்தேன், சத்தம் வெளியே கேட்குமா என்று தெரியவில்லை, ஏனென்றால் சத்தமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளும் கேட்டாள். அப்போது பேச்சோடு பேச்சாக, சின்ன வயதில் என் அப்பா என்னை ஒருமுறை அதே கொட்டகையில் வைத்துக் கொண்டி மாட்டியிருக்கிறார், அதனால் அந்த இடம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று சொன்னேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் வானிலையைச் சொல்லத் தொடங்கினேன்.

அதைத்தான் எடுத்து எண்பத்தெட்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறாள். என் அப்பா செய்த காரியம், ஆனால் தலையில் இருப்பது என் தொப்பி. அப்படியானால் ஊராரிடம் 'அது நான் இல்லை, என் அப்பா' என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். எப்படிச் சொல்வது? என் அப்பா இந்த ஊரின் படகுத்துறையைக் கட்டியவர்களில் ஒருவர். அவர் பெயர் துறையில் கல்லில் வெட்டியிருக்கிறது. ஐஸ்க்ரீம் பெட்டியை வருடாவருடம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். செத்துப் போய் முப்பத்தைந்து வருடமானவர், வந்து தன் தரப்பைச் சொல்ல முடியாதவர். அவரைக் காட்டிக்கொடுத்து நான் நல்லவனாக வேண்டுமா? ஆகவேதான் வாயால் சொல்லாமல், அச்சில், பொதுவாக, 'நூலாசிரியரின் தந்தை அல்ல' என்று மட்டும் போடச் சொல்கிறேன். வேறு யார் என்று சீட்டில் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மூல காரணம் தாங்கள்தான் என்பதை மரியாதையோடு சுட்டிக்காட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். இங்குன் எல்லாம் சொன்னாள். முதலில் அவள் எழுதியபோது வில்டேயின் அப்பா சனிக்கிழமைதோறும் வாஃபிள் சுடுகிற சாதுவாம். தாங்கள் அதன் ஓரத்தில், 'இப்படி ஓர் அப்பா வாய்த்திருந்தால் இந்தப் பெண் எதற்குச் சோறு தண்ணியில்லாமல் கொலைகாரனைத் தேடி அலைகிறாள்? வீட்டுக்குப் போய்த் தூங்கலாமே. இவளுக்கு ஒரு காயம் வேண்டும்' என்று பென்சிலால் எழுதினீர்களாம். இந்தக் கொள்கையைச் சரிபார்ப்பதற்காக ஈஸ்டருக்குப் பிறகு நூலகத்திலிருந்து பதினாலு கொலைக் கதைகள் எடுத்துவந்து படித்தேன். ஏழு துப்பறிவாளர்களுக்குக் குடிகார அப்பா. மூன்று பேருக்கு அம்மா ஓடிப்போய்விட்டாள். இரண்டு பேர் வீடு எரிந்திருக்கிறது, ஒருவரின் தம்பி பனி உடைந்து ஏரிக்குள் போய்விட்டான், ஒருவரை நிலவறையில் அடைத்திருக்கிறார்கள். சைக்கிளிலிருந்து விழுந்து, முட்டியைத் துடைத்துக்கொண்டு, எழுந்து போனவர் ஒருவர்கூட இல்லை. சரி, கொலைகாரனாவது நன்றாக வளர்ந்தானா என்று பார்த்தால் அவனுக்கும் அதே அடி, அதே நிலவறை. பதினாலு புத்தகத்திலும் நல்ல குழந்தைப் பருவம் வாய்த்த ஒரே ஆள், முதல் அத்தியாயத்தில் செத்துக் கிடப்பவர்தான். இதைப் படித்து வளர்கிற பிள்ளைகள் அன்பான அப்பா அம்மாவைப் பார்த்தால் பயந்துவிட மாட்டார்களா?

எங்கள் ஊர் போலீஸ்காரரையே கேட்டேன். நிஜப் போலீஸ்காரர், முப்பத்தெட்டு வயது. அவருடைய அம்மா இன்றைக்கும் ரொட்டிக்கு நடுவே சீஸ் வைத்து, மெழுகுத் தாளில் மடித்துக் கொடுத்தனுப்புகிறாள். மனவடு ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். ஏழு வயதில் ஒரு ஆட்டுக்கடா முட்டியது என்றார், அதற்குப் பிறகு அந்த ஆட்டோடு சமாதானமாகிவிட்டதாம். அப்படிப்பட்டவர் போன வருடம் திருட்டுப்போன மூன்று படகு மோட்டார்களையும் இரண்டே நாளில் கண்டுபிடித்தார். மாறாக என்னை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகை அனுபவம் உள்ளவன் நான். நான் யாரைக் கைது செய்தேன்? நாற்பது வருடம் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஜனங்களைக் கொண்டுபோய் விட்டேன், அவ்வளவுதான். ஒரு பாதிப்பும் இல்லை. அந்தக் காலத்தில் எல்லார் அப்பாவிடமும் கை இருந்தது, எல்லார் வீட்டிலும் ஒரு கொட்டகை இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன சனிக்கிழமை ஊர் கூடி வேலை செய்கிற நாள். வசந்தம் வந்தால் எல்லாருமாகச் சேர்ந்து துறையைக் கழுவி, வேலிக்குச் சாயம் பூசி, குப்பை பொறுக்குவோம். இந்த வருடம் பட்டியலில் கடைசியாக 'ஒட்வாரின் கொட்டகை, காற்றோட்டம்' என்று ஒரு வரி. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியவில்லை. காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் ரம்பமும் சட்டமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். என்னை ஏறிட்டுப் பார்க்காமல், வானிலை நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே, தெற்குச் சுவரை அறுத்து ஒரு ஜன்னல் வைத்துவிட்டார்கள். அது போதாதென்று கதவுக்கு உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள், சரியாக ஒரு எட்டு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில். நான் என்ன செய்வது? எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். தட்டில் ஊற்றிக் குடிக்கத் தைரியம் வரவில்லை, கோப்பையிலேயே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அந்த வேலைக்காகவே ஒஸ்லோவிலிருந்து இங்குனும் வந்திருந்தாள். வேலி முழுக்கச் சாயம் பூசினாள், ஜன்னல் வைப்பதையும் பார்த்தாள். மறுநாள் காலை சமையலறையில் நான் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். அவ்வளவு பெரிய கற்பனை உள்ளவள், அந்த ஆளுக்கு வேறு தொப்பி தேடியிருக்கக் கூடாதா என்றேன்.

"தாத்தாவை நான் பாத்ததே இல்லப்பா" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச அப்பா நீங்க ஒருத்தர்தான். அந்த ஆளுக்கு ஒரு மூக்கு முழி வேண்டியிருந்துச்சு, உங்களோடத எடுத்துட்டேன். ஊரெல்லாம் இப்படி நெனைக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. அது என் தப்புதான்."

தப்பை ஒப்புக்கொண்டதும் எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஒரு வாஃபிளை அவள் தட்டில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"ஊர்க்காரங்கதான் ஆளை மாத்திப் படிச்சாங்கன்னா, நீங்களுமா? வில்டே யாருன்னு உங்களுக்கு இன்னுமா தெரியல? அவ வீட்ல எந்தக் கதவையும் சாத்த மாட்டா. கோபம் வந்தா சத்தம் வராது. யாராவது மாட்டிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா, போய்த் திறந்து விடாம அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அவதாம்ப்பா நீங்க. கொட்டகைக்கு உள்ள இருக்கறது நீங்க."

நான் உடனே மறுத்தேன். கதவு சாத்தாதது ஈரத்தில் மரம் உப்பிக்கொள்வதால்தான், கடலோர வீட்டில் வேறெப்படி இருக்கும் என்றேன். "மாடிக் கதவு புதுசுப்பா, பிளாஸ்டிக்கு" என்றாள். முப்பத்தெட்டு வருடம் குளிர்காற்றில் உட்கார்ந்து தன் அம்மா பின்னிய கம்பளிச் சால்வைகளையும் பட்டியல் போட்டாள். வாஃபிள் கருகிவிட்டது, பேச்சு அத்தோடு நின்றது. மதியப் பேருந்தில் போய்விட்டாள். பேருந்து ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டாள், எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் வழக்கமில்லை.

ஆக, பதிப்பாசிரியர் அவர்களே, என் கோரிக்கைகளைத் தொகுத்துத் தருகிறேன். பிழைதிருத்தச் சீட்டு கட்டாயம் வேண்டும். தொப்பியின் நிறத்தை மாற்ற வேண்டும். நீலம் வேண்டாம், ஆர்ன்ஃபின் நீலம் போடுகிறான், பாவம், அவனுக்கும் ஒரு ஜன்னல் வைத்துவிடுவார்கள். காப்பித் தட்டையும் முனகலையும் நீக்கிவிடுங்கள். வில்டேக்குக் காயம் வேண்டுமென்றால் அந்த ஆட்டுக்கடாவைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், போலீஸ்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். குழந்தைப் பருவத்தில் எல்லாருக்கும் ஏதோ நடக்கத்தான் செய்கிறது, அதையெல்லாம் வாழ்நாள் முழுக்க யாரும் சுமந்துகொண்டு திரிவதில்லை. இதற்கு நானே சாட்சி.

தங்கள் அலுவலகத்தார் அனைவருக்கும் என் அன்பான விசாரிப்புகள். அட்டைப்படம் வரைந்தவருக்கு, ஜன்னல் வைத்தபின் கொட்டகை மாறிவிட்டது என்று தெரிவிக்கவும். தங்களுக்கு நீண்ட கோடையும், பிழையில்லாத பிரதிகளும், நடு ராத்திரியில் விழித்துக்கொள்ளாத எழுத்தாளர்களும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒட்வார் நேஸ்ஹெய்ம்,
கேப்டன் (ஓய்வு).

பின்குறிப்பு, மே 4: மே முதல் தேதி விடுமுறையில் தபால் போகாததால் இக்கடிதம் சமையலறை மேசையிலேயே கிடந்துவிட்டது. அந்த நாட்களில், மகள் சொல்வது எவ்வளவு தவறென்று நிரூபிப்பதற்காக, புத்தகத்தை இன்னொரு முறை படித்தேன். இந்தமுறை அப்பாவை விட்டுவிட்டு வில்டேயைப் பார்த்துக்கொண்டு படித்தேன். இருநூற்று மூன்றாம் பக்கத்தில் அவள் ஒரு ஓட்டல் அறைக்குள் போனதும் கதவு மூடிக்கொள்ளாமல் இடையில் தன் ஷூவை வைக்கிறாள். இங்குனுக்குப் பத்து வயதாக இருந்தபோது மூன்று பேரும் பெர்கனுக்குப் போய் ஓட்டலில் தங்கினோம். நான் ஷூ வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். நான் வைத்தேன் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நேற்று கடைக்குப் போய்த் தோருனிடம் நானே சொல்லிவிட்டேன். உள்ளே இருந்தது நான், வெளியே மாட்டியது என் அப்பா, துறையில் கல்லில் பேர் இருக்கிறதே அவர்தான் என்று. தோருன் தீப்பெட்டிகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, "ஐஸ்க்ரீம் பெட்டி பதினாறாம் தேதி வருது. துறைக்கு நீங்க எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்றாள். ஒன்பது மணிக்கு என்றேன்.

எனவே மேலே எழுதிய கோரிக்கைகள் எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். சீட்டு வேண்டாம், தொப்பி பச்சையாகவே இருக்கட்டும். ஒரே ஒரு பிழை மட்டும் இருக்கிறது, அதற்கு நான்தான் பொறுப்பு, இங்குன் அல்ல. எண்பத்தெட்டாம் பக்கத்தில் அந்தக் குழந்தை இரண்டு மணி நேரம் உள்ளே இருந்ததாக வருகிறது. போனில் நான்தான் அப்படிச் சொன்னேன். நிஜத்தைச் சொன்னால் பார்க்காத தாத்தாவை அவள் வெறுத்துவிடுவாளோ என்று குறைத்துச் சொன்னேன். முதல் ஃபெர்ரி போனபோது கொண்டி விழுந்தது, கடைசி ஃபெர்ரி வந்தபிறகுதான் திறந்தது. நடுவில் ஆறு ஃபெர்ரிகள் போயின, ஒவ்வொன்றுக்கும் கத்தினேன், நாலாவதுக்குப் பிறகு சத்தம் வரவில்லை. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. இரண்டாம் பதிப்பில் 'இரண்டு மணி நேரம்' என்பதை 'காலையிலிருந்து மாலை வரை' என்று திருத்தவும். மற்றபடி அந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் சரி.